பக்குவமாகச் சொல்வது

பக்கத்து வீட்டுப் பூனை செத்துப்போனதை எப்படிச் சொல்வது என்பதில் எனக்குத்தான் அந்த வகுப்பிலேயே அதிகப் புள்ளி கிடைத்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைக் கேட்பதற்கு முன் நான் எவ்வளவு படித்தவன் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. நான் பகலில் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் பின்கட்டில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கிழமைக்கு இரண்டு பின்னேரம் கல்லூரியில் வியாபார டிப்ளோமா. அதில் கம்யூனிகேஷன் என்று ஒரு கட்டாயப் பாடம். மனிசன் மனிசனோடு கதைக்கிறதுக்கும் ஒரு பாடமோ என்று முதல் நாள் சிரித்தேன். பாடம் நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி சிரிக்கவில்லை. மூன்றாம் கிழமை எங்களை எழுப்பி நடிக்கவிட்டார். பக்கத்து வீட்டுக்காரியின் பூனையை உங்கள் கார் அடித்துவிட்டது, போய்ச் சொல்லுங்கள் என்றார். என்னிடம் கார் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி என்னோடு ஒரு நாளும் கதைத்ததில்லை. ஆனாலும் போனேன். பூனைக்காரியாக நடித்தவரை இருக்கச் சொன்னேன், ஒரு துக்கமான செய்தி என்றேன், ஒரே வசனத்தில் விஷயத்தைச் சொன்னேன், வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஆசிரியை கை தட்டினார். மற்றவர்கள் எல்லாரும் வானிலையில் தொடங்கி, பூனையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே அதற்குக் கடுமையாக்கி, ஒரு வழியாகச் சாகடித்தார்கள்.

வகுப்பு முடிவில் ஒரு தாள் தந்தார். சுற்றி வளைக்காதே, பிந்தாதே, கேட்பவர் பேச இடம் விடு என்றெல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி மட்டும் எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு செய்தி யாருக்குப் போக வேண்டியதோ அது அவருடைய சொத்து, கொண்டுபோகிறவனுடையது அல்ல. தாளை என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தேன்.

தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். குத்தகை பெரியண்ணையின் பெயரில் இருந்ததால் நீதி, நிர்வாகம், கறிக்கு எவ்வளவு தூள் என்பது வரை அவர் சொன்னதுதான் சட்டம். ஐம்பதை நெருங்கிய மனிதர். பழைய வான் ஒன்று வைத்திருந்தார். வெள்ளி தவறாமல் எங்களை அதில் ஏற்றி லூயிஷாம் கோயிலுக்குக் கொண்டுபோவார். அவருடைய சித்தப்பாவின் மகன் இரண்டாமவர். இருபத்தாறு வயது, கணக்காளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார், அதிகம் பேசமாட்டார். எல்லாருக்கும் அவர் தம்பி. முன்பக்கத்துச் சின்ன அறையில் தமிழ்நாட்டு என்ஜினியர் ஒருவர். மிச்சம் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் படிக்கட்டின் அடியில் இருந்த தொலைபேசி அடித்தது. தம்பி நூலகத்தில் இருந்தார். கொழும்பிலிருந்து பெரியண்ணையின் தமக்கை பேசினார். தம்பியின் தாய் போன வியாழக்கிழமை ஊரில் காலமாகிவிட்டாராம். சண்டையால் பாதை பூட்டியிருந்தபடியால் செய்தி கொழும்புக்கு வந்து சேரவே இத்தனை நாள் ஆகிவிட்டது. எரித்தாகிவிட்டது. பெரியண்ணையின் இளைய சகோதரன் முன்னுக்கு நின்று கொள்ளி வைத்திருக்கிறான்.

பெரியண்ணை ரிசீவரை வைத்துவிட்டுப் படியில் இருந்து அழுதார். அவருக்கும் அது சின்னம்மா, சின்ன வயதில் கையால் சோறு குழைத்துத் தீத்திய சின்னம்மா. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு குசினிக்கு வந்து எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றார்.

"இப்ப அவனுக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது," என்றார்.

அவருடைய நியாயம் லேசானதல்ல. தம்பிக்கு இன்னும் மூன்று கிழமையில் பரீட்சை. ஏற்கனவே இரண்டு முறை கோட்டை விட்ட பாடங்கள். இந்த முறையும் விட்டால் கல்லூரி இடமும் போகும், அதோடு சேர்ந்து விசாவும் போகும். விசா போனால் எங்கே போவது? அந்த நாட்களில் ஊருக்குத் திரும்புவது என்பது யோசிக்கிற காரியமல்ல.

"நேரா சொல்லிடலாமேண்ணே," என்றார் என்ஜினியர். "அவங்க அம்மா இல்லையா?"

"உங்களுக்கு எங்கட பழக்கம் விளங்காது. இதுகளைப் பக்குவமாத்தான் சொல்ல வேணும்."

"பக்குவமான்னா எப்பண்ணே?"

"சோதினை முடியட்டும்."

என்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இதைத்தானே சார் காலேஜ்ல படிக்கிறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "அது வெள்ளைக்காரரின்ர முறை. எங்களுக்கு இடம் பொருள் பாக்க வேணும்," என்றேன். அவர் தன் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனார். அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்டிருந்தால் நான் மடங்கியிருப்பேன். நாகரிகமான மனிதர், கேட்கவில்லை.

வெளியார் யாருக்கும் எங்கள் பக்குவத்தை விளக்குவது கஷ்டம்தான். எங்கள் ஊரில் யாரும் நேரடியாகச் செத்ததில்லை. முதலில் கொஞ்சம் சுகமில்லை. அடுத்தது கடுமை. கடுமை, உடனே வரவும் என்று தந்தி வந்தால் பிரேதத்தைக் குளிப்பாட்டியாகிவிட்டது என்று பொருள். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தந்திக்காரருக்கும் அது தெரியும். ஆனாலும் பஸ்ஸில் ஏறி வீட்டு ஒழுங்கையில் பறைச் சத்தம் கேட்கும்வரை, ஒருவேளை உயிர் இருக்கும் என்று நம்பிக்கொண்டு வரலாம். அந்தப் பஸ் பயணத்தைத்தான் நாங்கள் பக்குவம் என்கிறோம். தம்பிக்கு ஏறுவதற்குப் பஸ் இல்லை. அதனால் அவரைத் தெரியாமலே ஒரு நீண்ட பயணத்தில் ஏற்றிவிட்டோம்.

மறைப்பது என்று தீர்மானித்தபின்தான் பெரியண்ணைக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. ஒரே பரம்பரை என்றபடியால் அவருக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் கூடாது, மச்சம் மாமிசம் கூடாது. மரணத்தை மறைத்துவிடலாம், துடக்கை எப்படி மறைப்பது? மனிதர் பொய் சொல்லுவார், ஆனால் ஆசாரம் தவறமாட்டார். எனவே திடீரென்று அவருக்குக் கொலஸ்ட்ரோல் வந்தது. வெள்ளிக்கிழமை முழங்கால் வலியும் வந்தது. வானைக் கோயில் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார்.

கவலைப்பட்டது தம்பிதான். "டொக்டரிட்டக் காட்டுங்கோ அண்ணை. இந்த வயசில முழங்காலோட விளையாடக்கூடாது," என்று எண்ணெய் சூடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். கோயிலில் பெரியண்ணையின் முழங்காலுக்கு ஓர் அர்ச்சனை, ஊரில் இருக்கும் தாயின் சுகத்துக்கு ஓர் அர்ச்சனை செய்தார். முழுத்துடக்கோடு மூலஸ்தானத்துக்கு நேரே நின்று கண்ணை மூடிக் கும்பிட்ட அந்த முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வானுக்குத் திரும்பி வந்து பெரியண்ணையின் நெற்றியில் தன் கையாலேயே திருநீறு பூசிவிட்டார். பெரியண்ணை சுட்டது போலப் பின்வாங்கினார். குளிர் என்று சொல்லிச் சமாளித்தார். ஜூன் மாதம் அது.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் குசினிக்குள் இழுத்து, "கோயிலெல்லே தீட்டுப்பட்டுப் போச்சு. இந்தப் பாவம் ஆருக்கு?" என்று அங்கலாய்த்தார்.

பாண் வாட்டிக்கொண்டிருந்த என்ஜினியர் திரும்பாமலே சொன்னார்: "தெரியாம செஞ்சவங்களுக்கு இல்லண்ணே."

கடிதங்களின் பொறுப்பு என்னுடையது. தம்பி ஞாயிறு தோறும் தாய்க்கு ஒரு நீல ஏரோகிராம் எழுதுவார். தபால் கந்தோர் என் வேலையிடத்துக்குப் பக்கத்தில் என்பதால் திங்கட்கிழமை நான் கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். போட்டால் ஊரிலிருந்து யாராவது பதில் எழுதிக் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றார் பெரியண்ணை. எனவே போடவில்லை. வாங்கி, சட்டைப்பைக்குள் வைத்து, ஓம் தம்பி என்று சொல்லி, என் சூட்கேசின் அடியில் வைத்தேன். நான் வாசிக்கவில்லை என்பதை இப்போதும் ஒரு நற்சான்று போல எனக்கே சொல்லிக்கொள்வதுண்டு.

இரண்டாம் கிழமை ஒரு கடிதம் எதிர்த் திசையிலிருந்து வந்தது. தாயின் கையெழுத்து. சாவதற்கு முன் எழுதியது, எங்கெங்கோ கிடந்து மெதுவாக வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் இருக்க, தம்பி நின்றுகொண்டே சத்தமாக வாசித்தார். "எனக்கு ஒரு வருத்தமுமில்லை. இருமல்கூட நின்றுவிட்டது. நீ ஒன்றையும் யோசியாமல் படி." வாசித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். கொழும்புத் தமக்கை சொன்னது எனக்குத் தெரியும். அந்த அம்மா ஒரு மாதமாகவே கட்டிலை விட்டு எழும்பவில்லை. ஆக, பொய் எங்கள் வீட்டில் தொடங்கவில்லை. மகனும் சளைத்தவரில்லை. தனக்கென்று ஓர் அறை இருக்கிறது, குளிரே தெரியவில்லை என்றுதான் எழுதுவதாக ஒரு முறை என்னிடம் சொல்லியிருந்தார், பெரியண்ணையின் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு. அன்பு மிகுந்த குடும்பம். ஆளுக்கு ஆள் ஓர் உண்மையும் சொன்னதில்லை.

"அம்மா சுகமா இருக்கிறா அண்ணை," என்றார் என்னைப் பார்த்து.

"நல்லது தம்பி," என்றேன். தட்டைத் தள்ளிவைக்கப் பார்த்தேன். ஆனாலும் சாப்பிட்டு முடித்தேன், சந்தேகம் வரக்கூடாதே.

கடைசிப் பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரம் சொல்வது என்று முடிவாகியிருந்தது. சொல்கிற வேலை எனக்கு. "நீர்தானே அதுக்குப் படிக்கிறீர்," என்று பெரியண்ணை என் தலையில் கட்டிவிட்டார். நான் சுவரில் இருந்த தாளை இன்னொரு முறை வாசித்தேன். அமைதியான இடம் குசினி. மற்ற இருவரையும் மேலே அனுப்பினேன். வசனத்தைக் குளியலறைக் கண்ணாடியில் சொல்லிப் பார்த்தேன்.

தம்பி இரண்டு கையிலும் பையோடு வந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். வினாக்கள் எல்லாம் படித்ததிலிருந்தே வந்திருந்தனவாம். இத்தனை நாளும் தன்னைச் சத்தம் போடாமல் படிக்கவிட்டதற்காக எங்களுக்கு ஆட்டிறைச்சிக் கறி சமைக்கப் போவதாகச் சொன்னார். சமைத்தும்விட்டார். வெங்காயம் வதங்குகிறபோது சொல்லலாம் என்று பார்த்தேன். இறைச்சி அவிகிறபோது சொல்லலாம் என்று பார்த்தேன். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

"தம்பி, உம்மோட ஒரு விஷயம் கதைக்க வேணும்."

"ஓம் அண்ணை. முதல்ல இதில உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ."

அகப்பையை நீட்டினார். நான் பார்த்தேன். உப்பு அளவாக இருந்தது, காணும் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பூனைக்காரிக்கு ஒரு வசனத்தில் சொன்னவன், இரண்டு மணித்தியாலத்தில் ஒரு சொல் சொன்னேன், அதுவும் உப்பைப் பற்றி.

எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். பெரியண்ணை கொலஸ்ட்ரோலைச் சொல்லிப் பருப்போடு நிறுத்திக்கொண்டார். என்ஜினியர் பசியில்லை என்று எழுந்து போய்விட்டார். சனிக்கிழமை விடியவே தம்பி சட்டனில் கிரிக்கெட் விளையாடப் போனார், திரும்பி வந்து வெயில் களைப்பில் சோபாவிலேயே நித்திரையாகிவிட்டார். நித்திரை கொள்கிறவனை எழுப்பி ஆராவது இப்படியான செய்தி சொல்லுவினமோ என்றார் பெரியண்ணை. சொல்லமாட்டார்கள் என்று நானும் உடனே ஒத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பெரியண்ணையே சொன்னார். பக்குவமாகச் சொன்னார். முதலில் கொஞ்சம் சுகமில்லை என்றார், பிறகு கடுமை என்றார். தம்பிக்கு அந்த மொழி தெரியும். மிச்சத்தைக் கேட்கவில்லை.

"எப்ப?" என்றார்.

பெரியண்ணை நாளைச் சொன்னார். தம்பி எழுந்து, தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டி தொங்கிய இடத்துக்குப் போனார். வியாழனில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டு வந்தார். வாய்விட்டு எண்ணினார். நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். முப்பத்தொன்று என்று சனிக்கிழமையில் விரல் நின்றது. அங்கே பெரியண்ணை தன்னுடைய துடக்கு கழிகிற நாள் என்று பென்சிலால் ஏற்கனவே ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"நேற்று அந்தியேட்டிக் கிரியை," என்றார் தம்பி.

"அங்க எல்லாம் முறையாச் செய்தாச்சு ராசா. என்ர தம்பி நிண்டு செய்தவன். ஒரு குறையுமில்லை."

"நான் இங்க நிண்டு செய்திருக்கலாமே அண்ணை. ஐயர் இருக்கிறார். லூயிஷாம் என்ன, ரெண்டு ரெயின். அம்மாவுக்கு நான் ஒரேயொரு ஆம்பிளைப் பிள்ளை."

அது எங்கள் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. இதை எழுதுகிறபோதும் வெட்கமாக இருக்கிறது. அவருடைய பரீட்சையை யோசித்தோம், விசாவை யோசித்தோம், பெரியண்ணையின் துடக்கை நாள் தவறாமல் எண்ணினோம். பெற்ற தாய்க்குக் கடமை செய்ய அவர் விரும்புவாரா என்று கேட்கவில்லை. கேட்பதற்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும், சமாதானம் சொல்லியிருப்போம். நான் மேலே போய்ச் சூட்கேசைத் திறந்து அந்த நீலக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்தார். பிறகு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் படிக்கட்டின் அடியில் நின்றோம். ஒருவருக்கும் ஏறிப்போகத் துணிவு வரவில்லை.

அடுத்த மாதமே சட்டனில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பரீட்சை முடிவு எங்கள் விலாசத்துக்குத்தான் வந்தது. எல்லாப் பாடத்திலும் சித்தி, ஒன்றிலும் தவறவில்லை. நான் அந்த நிமிடமே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். நல்ல செய்தி சொல்வதில் எனக்கு ஒருபோதும் பக்குவம் தேவைப்பட்டதில்லை.

"பாத்தீரே, பாஸ் பண்ணிப்போட்டான். சொல்லியிருந்தாப் பண்ணியிருப்பானோ?" என்று பெரியண்ணை பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். பண்ணியிருக்கமாட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை, பண்ணியிருப்பார் என்றும் சொல்ல முடியவில்லை.

தம்பி எங்களோடு பகைக்கவில்லை. கல்யாண வீடுகளில் கண்டால் சுகம் விசாரிப்பார். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு கவுன்சில் கந்தோரில் நல்ல வேலையில் இருந்தேன். ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்துகிற வேலை. பொதுமக்களோடு எப்படிக் கதைப்பது என்று வெள்ளைக்காரருக்கு நான் படிப்பித்தேன். அதில் மேல் பதவி ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை நேர்முகம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கந்தோர்த் தொலைபேசியில் தம்பியின் குரல் கேட்டது. ஆறேழு வருடத்தில் அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணை, தனிய இருக்கிறியளோ?"

"ஓம்."

"உங்கட அம்மா காலமாகிட்டா. போன வியாழக்கிழமை, வீட்டிலதான்."

பிறகு ஒன்றும் பேசவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. நான்தான் வாய் திறந்தேன்.

"பெரியண்ணைக்குத் தெரியுமோ?"

"அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். உங்களுக்கு இன்டர்வியூவாம். முடியுமட்டும் சொல்லக்கூடாதெண்டு எனக்கு ரெண்டு தரம் போன் எடுத்தவர்."

தென் லண்டன் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் அவர்கள்மேல் வரவில்லை. இந்த மனிதர்மேல் வந்தது. வேலை செய்கிற இடத்தில், காலை பத்து மணிக்கு, ஒரு முன்னெச்சரிக்கை இல்லாமல்!

"இதை இப்பிடியோ ஐசே சொல்லுறது?" என்று கத்தினேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னைக் கத்தவிட்டார். நான் ஓய்ந்தபின் முந்திய அதே குரலில் சொன்னார்:

"தாய்க்குக் கடைசிப் பிள்ளையெல்லே செய்யிறது. நீங்கள்தானே அண்ணை கடைசி. இண்டைக்கு ஆறாம் நாள். ஐயரோட கதைச்சனான். அந்தியேட்டிக்கு இன்னும் இருபத்தைஞ்சு நாள் இருக்குது."